கல்லில் வெட்டிய வெற்றி

உயர்தர வகுப்பில் கலிங்கத்துப்பரணி படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சேர், கலிங்கத்துப் புலவனும் ஒரு பரணி பாடியிருந்தால் அதிலே யார் வென்றிருப்பார்?" வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரு தரப்பார் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அப்படிக் கிடைத்த ஒன்றை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

கி.மு. 1274 அளவில், இன்றைய சிரியாவிலுள்ள கதேஷ் நகரருகே எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸும் ஹிற்றைற் மன்னன் முவற்றல்லியும் பொருதினர். எதிரிப்படை வெகு தொலைவில் நிற்கிறதென இரண்டு ஒற்றர்கள் சொன்ன பொய்யை நம்பி ராம்சேஸ் பொறியில் அகப்பட்டான். உயிர் தப்பியதே பெரிது. ஆனால் பின்னர் லக்ஸர், கர்ணாக், அபிடோஸ் கோயிற் சுவர்களிலே வெட்டப்பட்ட நெடும் பாட்டு வேறு கதை சொல்கிறது. படையெல்லாம் கைவிட்டோட, அமுன் தெய்வத்தை அழைத்து, மன்னன் தனியனாகவே 2500 தேர்களைச் சிதறடித்தானாம்! ஏமாந்த பழி மட்டும் அதிகாரிகளின் தலையில் விழுந்தது.

உண்மையில் கதேஷ் ஹிற்றைற்றியர் பக்கமே நின்றது. சில ஆண்டுகளில் ராம்சேஸ் மறுபடியும் அத்திசை நோக்கிப் படை நடத்தினான். முதற் போரின் நிலைமையை உள்ளபடி வெட்டியிருந்தால் இரண்டாவதற்கு எந்தத் தாய் மனமொப்பிப் பிள்ளையை அனுப்பியிருப்பாள்? பாட்டின் தேவை அங்கேதான் இருந்தது. அதைப் புனைந்தவனும் நம்மைப்போலத் தமிழோ எதுவோ, ஒரு மொழியைக் காதலித்தவனாகத்தான் இருந்திருப்பான் என்பது எனக்கு உறுத்துகிறது.

19ஆம் நூற்றாண்டில் எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கப் பழகிய அறிஞர்களுக்கு முதலில் கிடைத்ததும் இந்தப் பாட்டுத்தான். 1906இல் தொடங்கிய அகழ்வில், துருக்கியின் பொகாஸ்கோயிலிலே ஹிற்றைற்றியரின் களிமண் ஏடுகள் வெளிவந்தன. அவற்றிலே எகிப்தியனே தோற்றுப் பின்வாங்குகிறான். ஹிற்றைற் படை தமஸ்கஸ் பக்கம்வரை முன்னேறுகிறது!

கி.மு. 1259 அளவில் இரு அரசும் சமாதான உடன்படிக்கை செய்தன. அதிலும் பாருங்கள்: ஹிற்றைற் தூதர் சமாதானம் வேண்டி வந்தனர் என்கிறது எகிப்தியப் பிரதி, முதலில் முனைந்தவன் ராம்சேஸ் என்கிறது மற்றது. ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் இந்தக் களிமண் ஏட்டின் பிரதியொன்று வைக்கப்பட்டிருக்கிறது.

பரணியை இப்போதும் சுவைத்தே படிப்பிக்கிறேன். பேய்கள் கூழடும் இடம் வந்ததும், அந்தப் பையனின் கேள்வியை நானே வகுப்பில் எழுப்பிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன்.