மூச்சை அடைக்கும் ஈரம்

டேம்ப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், லேசான ஈரம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சரிதான். பிழிந்து உதறிய துணி, பனியில் நனைந்த புல், மழைக்காலத்துச் சுவர் எல்லாமே டேம்ப்தான். ஆனால் இதே சொல் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆளைக் கொல்லும் வாயுவுக்குப் பெயர். கொஞ்சம் நீட்டி டேம்பர் என்றால், பியானோவுக்குள் இருக்கும் கம்பளித் திண்டுக்குப் பெயர். தைபே 101 கட்டடத்தின் உச்சிக்கு அருகே தொங்கும் 660 டன் எஃகுக் குண்டுக்கும் அதுவே பெயர். ஈரத்திலிருந்து தொடங்கினால் இவற்றுக்குள் உறவே தெரியாது. அதனால், டீயைக் குடித்தபடி, வேறு முனையிலிருந்து பார்ப்போம்.

உங்கள் டம்ளரிலிருந்து ஆவி எழுகிறதல்லவா, அதை ஜெர்மன்காரர்கள் டாம்ப்ஃப் என்பார்கள். நீராவிக் கப்பலுக்கு அவர்களிடம் டாம்ப்ஃபர் என்று பெயர். ஆங்கில டேம்பும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் தென்படத் தொடங்கியபோது அதற்குக் கெட்ட ஆவி என்றுதான் பொருள். வினைச்சொல்லாக வந்தபோது மூச்சுத் திணறடிப்பது என்று பொருள். லேசான ஈரம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாகத் தென்படுகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக அவிழும்.

பழைய பொருளைக் கைவிடாமல் காத்தவர்கள் இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள். பூமிக்கடியில் எந்தக் காற்று எப்படிக் கொல்லும் என்று பட்டுத் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். ஃபயர்டேம்ப் என்பது மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். பிளாக்டேம்ப் என்பது நைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்ட காற்று. விளக்கு முதலில் அணையும், அடுத்தது ஆள். ஒயிட்டேம்ப் என்பது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. வெடித்து முடிந்தபின் சுரங்கத்தில் தேங்கி நிற்கும் கலவைக்கு ஆஃப்டர்டேம்ப் என்று பெயர்.

வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812 மே 25 அன்று நடந்த வெடிப்பில் 92 பேர் செத்தார்கள்; அதில் சிறுவர்களும் உண்டு. அந்தக் கொடுமைக்குப் பிறகு எழுந்த குரலால்தான் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி இதில் கைவைத்தார். 1815இல் அவர் செய்த விளக்கில் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை இருக்கும். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீலத் தொப்பி ஒன்று எழும்; அதைப் பார்த்தே தொழிலாளி பின்வாங்கலாம். ஆனால் வெடியைவிட அதற்குப் பிறகு வரும் ஆஃப்டர்டேம்ப்தான் பெரும்பாலோரைக் கொல்கிறது என்று 1896இல் தன் அறிக்கையில் காட்டியவர் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். கூண்டுக் குருவியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னவரும் அவரே. கானரிக் குருவி மனிதனுக்கு முன்பே கார்பன் மோனாக்சைடில் மயங்கிவிடும். பிரிட்டனில் அந்தக் குருவிகளுக்கு விடுதலை கிடைத்தது 1986இல். இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இந்தச் சுரங்கச் சாவுகள்தான்.

திணறடிப்பது என்ற வினை நெருப்புக்குப் போனால் அமுக்குவது. அடுப்புப் புகைபோக்கியில் காற்றோட்டத்தைக் குறைக்கும் தகடு டேம்பர். பியானோவில் கட்டையை அழுத்தும்போது கம்பளித் திண்டு கம்பியைவிட்டு எழும், விரலை எடுத்ததும் விழுந்து நாதத்தை அடக்கும். தைபேயின் எஃகுக் குண்டு காற்றில் ஆடும் கட்டடத்துக்கு எதிர்த்திசையில் ஆடி அதன் ஆட்டத்தை அமுக்குகிறது. ஒருவருடைய உற்சாகத்தை டேம்பன் செய்வதும் அதே வேலைதான். இவற்றில் எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஈரப்பொருளிலும் பழைய கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேக் பதமாக இருந்தால் ஆங்கிலத்தில் மாய்ஸ்ட் என்பார்கள். டேம்ப் என்று சொன்னால் செய்தவர் முகம் வாடிவிடும். சென்னையின் மே மாதப் புழுக்கம் ஹ்யூமிட். டேம்ப் என்றால் குளிரும் சேர்ந்த ஈரம். டேம்ப் ஸ்குவிப் என்றால் நமுத்துப்போன பட்டாசு, பெரிதாக எதிர்பார்த்துப் புஸ்ஸென்று போனது. மேசை துடைக்கும் ஈரத்துணியைச் சொல்லும்போது இந்தச் சொல்லில் குறை தொனிப்பதில்லை. தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் தண்டு மண்மட்டத்தில் நைந்து சாயும் நாற்றழுகலுக்கு ஆங்கிலப் பெயர் டேம்பிங் ஆஃப். தண்ணீர் தேங்கும் பாத்தியில் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர் செய்யும் வேலை அது. மேட்டுப்பாத்தி போட்டு நீர் வடியவிட்டால் பாதி நாற்றாவது பிழைக்கும்.

சுவருக்கு வருவோம். அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. போட்டாச்சா என்று கொத்தனார்கள் கேட்பார்களே, நிலத்து ஈரத்தைத் தடுக்கும் அந்த அடுக்கின் பெயரில் முதல் எழுத்து இந்த டேம்ப்தான். அது இல்லாவிட்டால் செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலேறும், கூடவே உப்பும் ஏறும். நீர் ஆவியானதும் உப்பு பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. இங்கிலாந்தில் இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. குளிருக்குச் சன்னலை மூடிவைத்த வீட்டில் சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றின் ஆவியும் சில்லிட்ட சுவரில் படிந்து கரும்பூஞ்சையாகிறது. ரோச்டேல் நகரில் அப்படிப்பட்ட வாடகை வீடொன்றில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆபத்தான டேம்ப் என்று புகார் வந்தால் வீட்டு நிர்வாகம் 10 வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடிப் பெரும் ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆபத்தை நீக்க வேண்டும்.