தயிர் இல்லாத தட்டு... பெசன்ட் நகரில் ஒரு வீகன் மதியம்!

சாம்பார், ரசம் எல்லாம் முடிந்துவிட்டது. தட்டில் கடைசியாக ஒரு கைப்பிடி சாதம் இருக்கிறது. தயிரும் கிடையாது, மோரும் கிடையாது என்று சொன்னால், உங்களால் அப்படியே எழுந்து கை கழுவ முடியுமா? நம்மில் பல பேருக்கு அது சாப்பிட்ட கணக்கிலேயே சேராது. ஆனால், அப்படி எழுந்து போகிறவர்கள் இப்போது நம் வீடுகளிலேயே ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் வீகன்கள்.

எங்கள் வீட்டு வீகன், என் தங்கை. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது பால், தயிர், நெய், முட்டை, மீன், தேன் என எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினாள். அன்று தொடங்கியது அம்மாவின் கவலை. "ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டா என்ன குறைஞ்சிடப்போற?" என்பது தினசரி வசனமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வஞ்சிரம் வாங்கிவந்தால், அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவாள். நான்கு பேர் சேர்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த நான்கு பேரும் ஒரு ஞாயிறு மதியம் பெசன்ட் நகரில் உள்ள ஒரு வீகன் உணவகத்துக்குப் போனோம். இது விளம்பரம் இல்லை என்பதால் பெயர் வேண்டாம். ஆனால், அந்தச் சாப்பாடு கிளப்பிய கேள்விகள் பல வீடுகளுக்கும் பொதுவானவை.

சைவம் வேறு... வீகன் வேறு!

நம் ஊர் சைவத்தில் பாலும் நெய்யும் உண்டு. வீகனில் விலங்கிடமிருந்து வரும் எதுவுமே கிடையாது. தேன்கூட கிடையாது. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் ஒட்டித்தான் 'வீகன்' என்ற பெயரே வந்தது.

இந்தியாவில் 2022-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வீகன் உணவுக்கென தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இருப்பதுபோல, வீகன் உணவுக்கும் பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் அதன் மேல் ஒரு சிறு இலையுமாகத் தனி முத்திரை உண்டு. கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது; அதில் பால் பவுடர் இருக்கலாம்.

இந்தப் பேச்சு பெசன்ட் நகர், அடையாறு பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பக்கத்துத் திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்கு அவர் எடுத்த முயற்சி முக்கியக் காரணம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே!

அம்மா போட்ட மார்க்

அந்த உணவகம், முன்பு யாரோ குடியிருந்த தனி வீடு. முற்றத்து மாமரத்தை வெட்டாமல் சுற்றிலும் மேஜை போட்டிருக்கிறார்கள். பலாக்காய் பிரியாணி, டோஃபு மசாலா, ராகி தோசை, முந்திரியில் செய்த 'தயிர்' பச்சடி, தேங்காய்ப்பால் ஐஸ்க்ரீம், ஓட்ஸ் பாலில் ஃபில்டர் காபி எல்லாம் சொன்னோம்.

பலாக்காய் பிரியாணிக்கு அப்பாவிடமிருந்தே பாராட்டு கிடைத்தது. பிஞ்சுப் பலாவின் நார் வெந்து மசாலாவில் ஊறினால் கறி போலவே பிரிந்துவரும். டோஃபுவை அம்மா ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். பச்சடி நன்றாக இருந்தது. ஆனால், தயிரின் புளிப்பு வரவில்லை. காபிதான் தேறவில்லை. ஓட்ஸ் பால் செய்யும்போது, அதிலுள்ள மாவுச்சத்தை நொதிகள் சர்க்கரையாக உடைக்கும். அதனால், சர்க்கரை போடாமலேயே காபி லேசாக இனித்தது. "ஹார்லிக்ஸ்ல டிகாஷன் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

ஆனாலும், ஒரே மேஜையில் நான்கு பேர் கைகளும் ஒரே பாத்திரத்துக்குப் போய்வந்தன. தங்கை அன்று கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டாள். அதை அம்மா கவனித்ததை நானும் கவனித்தேன்.

பில் வந்ததும்...

நான்கு பேருக்கு 2,300 ரூபாயைத் தாண்டியது. ஏன் இவ்வளவு விலை? பாலுக்குப் பதில் முந்திரியும் பாதாமும் அரைத்தால் விலை ஏறத்தானே செய்யும்? பாக்கெட்டில் வரும் ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் பசும்பாலைவிடப் பல மடங்கு விலை. சாதாரண பாலுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. பாதாம், ஓட்ஸ் போன்ற தாவரப் பால் பானங்களுக்கோ 18 சதவிகித வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 சதவிகிதமாகக் குறைந்தது. இதோடு பெசன்ட் நகர் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், வீகன் என்றாலே செலவு என்பது உண்மையல்ல. இட்லி, சாம்பார், ரசம், சுண்டல், புட்டு, தேங்காய்ப்பாலோடு ஆப்பம், இடியாப்பம், கீரைக் கடையல், எள்ளுருண்டை... நெய் சேர்க்காவிட்டால் இவை எல்லாமே வீகன்தான். நம் சமையலறையில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் ஓடுகிறது. நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தயிர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு வேர்க்கடலைத் தயிர் இருக்கிறது. ஒரு கப் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவையுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரத்தில் உறைந்துவிடும். அடுத்த முறை இதிலேயே ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றலாம். முந்திரிக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

உடம்பு தாங்குமா?

அம்மாக்களின் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தாவர உணவில் போதுமான வைட்டமின் பி12 கிடைக்காது. அது குறைந்தால் ரத்தசோகை, கை கால் மரத்துப்போவது, ஞாபகமறதி போன்ற பிரச்னைகள் வரலாம். உடலில் சேமிப்பு இருக்கும் என்பதால், குறைபாடு வெளியே தெரிய சில வருடங்கள்கூட ஆகலாம். வீகன்கள் பி12 மாத்திரையோ, பி12 சேர்க்கப்பட்ட உணவோ எடுத்துக்கொள்வது அவசியம்.

கால்சியத்துக்கு வழி இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள், கீரை, டோஃபு ஆகியவையும் கைகொடுக்கும். புரதத்துக்குப் பருப்பும் பயறும் தினமும் வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்காமல் மாறக் கூடாது. தங்கைக்கு அந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்தோம். பி12 குறைவாகத்தான் இருந்தது. இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள். அம்மாவும் தயிர் வசனத்தைக் குறைத்திருக்கிறார்.

நான்கு தெரு தள்ளி ஒரு கேள்வி

சாப்பிட்டு முடித்து ஓடைக்குப்பம் பக்கமாக நடந்தோம். தெருவோரத்தில் சங்கராவும் நெத்திலியும் வைத்திருந்த ஓர் அக்காவிடம் அப்பா விலை கேட்டார். தங்கை தள்ளி நின்றாள். "ஏம்மா, நீ மீன் சாப்பிட மாட்டியா? உடம்புக்கு ஏதாச்சும் ஆகாதா?" என்று கேட்டார் அக்கா. "இல்லக்கா, பாவமா இருக்கும்" என்றாள். அக்கா சிரித்தார். "எங்களப் பார்த்தா பாவமா இல்லியா?"

சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால், தொடர்ந்து அவர் சொன்னது சும்மா இல்லை. கல்யாணமான மகளுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார்கள். கட்டுப்படியாகாமல் மகள் மேடவாக்கம் போய்விட்டாராம்.

பெசன்ட் நகர் என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்தே கடலோடு இருப்பவை ஊரூர் குப்பமும் அதை ஒட்டிய மற்ற மீனவர் குப்பங்களும். வசதியானவர்கள் வரவர நிலத்தின் விலை ஏறுவதும், பழைய ஆட்கள் மெல்ல விலகிப்போவதும் உலகம் முழுக்க நடக்கிற கதை. 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று 1964-ல் லண்டனைப் பார்த்து இதற்குப் பெயர் வைத்தவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். சென்னையில் இது சாலையின் பெயராலும் நடக்கும். 2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கம் லூப் சாலையிலிருந்து மீன் கடைகளை அகற்றியபோது மீனவர்கள் போராடினார்கள். பிறகு 2024 ஆகஸ்ட்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

மீனவர்களின் பிழைப்பை வீகன் உணவகம் கெடுக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. அங்கே சாப்பிடும் சில நூறு பேரால் மீன் விற்பனை படுத்துவிடாது. அதே இடத்தில் பர்கர் கடை வந்திருந்தாலும் வாடகை இதேதான். ஆனால், எந்த உயிருக்கும் தீங்கு வேண்டாம் என்று சாப்பிடுகிறவர்கள், அந்தத் தெருவில் வாழ முடியாமல் போகிறவர்களைப் பற்றியும் யோசிக்கலாம் அல்லவா?

"அந்த அக்கா கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்றாள் தங்கை, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது. மீனை அவள் இன்னும் தொடுவதில்லை. ஆனால், காய்கறியை ஆப்பில் ஆர்டர் செய்வதை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் பாட்டியிடம்தான் இப்போது வாங்குகிறாள். பேரம் பேசுவதில்லை.