தனுஷ்கோடியின் சுவர்கள்



நல்லம்பள்ளியில் இருக்கும் ஒருவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வாழும் நமக்கு, கடலோர நகரம் ஒன்று அழிந்த கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. முதலில் அந்த நகரத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

சேலம், மதுரை வழியாக இராமேசுவரம் சென்று, அங்கிருந்து தென்கிழக்கே போனால் தனுஷ்கோடி வரும். ஒரு புறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை. நடுவில் குறுகிய மணல் திட்டு. அதன்மேல் கூரையில்லாத மாதா கோயில், இரயில் நிலையத்தின் சுவர்கள், இடிந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இது முக்கியமான துறைமுகம். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து இரயில் நேராக இங்கே வந்தது. பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 'போட் மெயில்' என்று பெயர்பெற்ற பயணம் இதுதான். இதனால் சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் இங்கே தோன்றின.

சுவரின் அருகில் போய் உற்றுப் பாருங்கள். கல்லில் சிறு சிறு துளைகளும் நட்சத்திரம் போன்ற கோலங்களும் தெரியும். இவை பவளக் கற்கள். நம் ஊர்ப் பக்கத்துக் கருங்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. பவளக்கல்லோ, கடலில் வாழும் நுண்ணிய உயிர்கள் சுண்ணாம்புப் பொருளால் கட்டிய கூடு. பாறை கிடைக்காத மணல் திட்டில், கடலிலிருந்தே கல்லெடுத்து நகரம் கட்டினார்கள். பவளம் எடுக்க இன்று சட்டம் தடை விதித்திருக்கிறது.

கடல் தந்த கல்லால் எழுந்த நகரத்தைக் கடலே கொண்டுபோனது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, இலங்கையைக் கடந்துவந்த கடும் புயல் இங்கே தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலையில் சிக்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலும் இலங்கையிலுமாகச் சுமார் 1,800 பேர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டது.

புயல் என்றால் காற்றைத்தான் நினைக்கிறோம். ஆனால் பேருயிர்ச் சேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். அன்று கடல் சுமார் 7 மீட்டர் எழும்பியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அது இரண்டு மாடி உயரம்! கடல் ஏன் அப்படி எழும்பியது?

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி உயரம் எங்கிருந்து வந்தது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து பலமாக ஊதுங்கள். எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறுகிறதல்லவா? புயல்காற்றும் கடல்நீரை இப்படித்தான் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்த நீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் திரும்ப இடமில்லை. மேலே ஏறுவதுதான் ஒரே வழி. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தாழ்ந்த மணல் திட்டில் இருந்த மக்களுக்கு ஓடி ஏற மேடும் இல்லை.

புயலுக்குப் பின் அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. இரயில் பாதை மறுபடி போடப்படவில்லை. மீனவக் குடும்பங்கள் மட்டும் குடிசைகளில் வாழ்கின்றன.

1964-இல் இந்தியாவிடம் சொந்தமாக வானிலைச் செயற்கைக்கோள் கிடையாது. இன்று செயற்கைக்கோள்கள் புயலைப் பல நாட்களுக்கு முன்பே காட்டிவிடுகின்றன. கடல் எவ்வளவு எழும்பும் என்பதும் எச்சரிக்கையில் சொல்லப்படுகிறது. துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டுகளில் 10-ஆம் எண் பெரும் அபாயத்தைக் குறிக்கும். அதற்கும் மேலே 11 உண்டு. எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த இரயிலில் இருந்தவர்கள் பயணிகள். நாளை நீங்களும் ஒரு கடற்கரைக்குப் பயணம் போவீர்கள். 'கடல் எழும்பும், கரையை விட்டு விலகுங்கள்' என்று வானொலி சொன்னால், காற்று ஓய்ந்திருக்கிறதே என்று வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். மேட்டுக்குப் போய்விடுங்கள். கடலைப் பார்த்து வளராதவர்களுக்குத்தான் இந்தப் பாடம் இன்னும் அவசியம்.