பிள்ளையையும் கொஞ்சம் பாருங்கள்!

'மாப்பிள்ளை பார்க்கிறோம்' என்றால் வரன் தேடுகிறோம் என்று அர்த்தம். 'பெண் பார்க்கப் போகிறோம்' என்றால் மட்டும் நிஜமாகவே பார்ப்பது! கூடத்தில் நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை பார்ப்பது. வார்த்தையிலேயே வித்தியாசம் இருக்கிறது, கவனித்தீர்களா?

காலம் மாறித்தான் இருக்கிறது. தரகர் பைக்குள் வைத்துக் கொண்டு அலைந்த ஜாதகம் இன்று செல்போனில் வந்து விழுகிறது. பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, சொஜ்ஜி, பஜ்ஜி என்று அமர்க்களப்பட்ட வீடுகளிலேயே, "முதல்ல ரெண்டு பேரும் வெளியில சந்திச்சுப் பேசட்டும்" என்கிறார்கள். கோயில் பிராகாரமோ காபிக் கடையோ, ஒரு மணி நேரச் சந்திப்பு. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கும் கூத்துக்களைப் பெண்கள் சொல்லக் கேட்டால், சிரிப்பதா அழுவதா என்று தோன்றும்!

இப்படியும் பிள்ளைகள்

முதலில் 'அம்மாவைக் கேளுங்க' ரகம். "கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?" என்று பெண் கேட்கிறாள். "அதெல்லாம் அம்மாதான் சொல்லணும்." "எந்த ஊர்ல இருப்போம்?" "அப்பா முடிவு பண்ணுவாங்க." போகட்டும், காபி வேண்டுமா, டீ வேண்டுமா என்பதையாவது அவரே சொன்னாரே என்று திருப்திப்பட்டுக் கொள்ள வேண்டியதுதான்!

அடுத்தது பரீட்சை அதிகாரி ரகம். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, வத்தக் குழம்பு வைக்கத் தெரியுமா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? சரமாரியாகக் கேள்விகள். பெண் பதிலுக்கு ஒன்று கேட்டு விட்டாலோ, "பரவாயில்லையே, நல்லா வாயாடுறீங்களே!" என்று ஒரு குத்தல்.

"போட்டோவுல இன்னும் கொஞ்சம் கலரா இருந்தீங்களே?" "ஜிம்முக்குப் போனா வெயிட் குறைஞ்சுடும்." "முடி இவ்வளவுதானா?" இது மூன்றாவது ரகம். கண்ணாடி போட்ட பெண்ணிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொன்னவரும் உண்டு. உடம்பைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து, வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் தன்னையே வருத்திக் கொள்ளும் பெண்களைப் பார்க்கிறோம். நிறம் ஒரு நோய் அல்ல, சகோதரிகளே! மருந்து தேவைப்படுவது அந்த நாக்குக்குத்தான்.

இன்னும் சிலர், உட்கார்ந்தது முதல் எழுந்திருக்கும் வரை தன் கார், தன் பிளாட், தன் பிரமோஷன் என்று பேசியே நேரத்தைத் தீர்த்து விடுவார்கள். நடுநடுவே செல்போன் வேறு. பெண்ணின் பெயரைத் தவிர அவளைப் பற்றி ஒன்றுமே தெரிந்து கொள்ளாமல் வீடு திரும்பி, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றும் சொல்லி விடுவார்கள்!

சிரிப்புக்கு அப்பால்

இவையெல்லாம் சிரித்து விட்டுப் போகக் கூடியவை. சில நடத்தைகள் அப்படியல்ல.

காபி ஆறிப் போயிருந்தது என்பதற்காக சர்வரை ஒருமையில் திட்டுகிறார் ஒருவர். உடனே பெண்ணின் பக்கம் திரும்பி இனிக்க இனிக்கப் பேசுகிறார். அந்த இனிப்பை நம்பாதீர்கள். எதிர்த்துப் பேச முடியாதவரிடம் ஒருவர் எப்படி நடந்து கொள்கிறார் என்பதுதான் அவருடைய குணம். நாளை வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, சும்மா பார்க்கிறேன்." "ஆம்பளை பிரெண்ட்ஸ் இருக்காங்களா? கல்யாணத்துக்கப்புறம் அதெல்லாம் வேண்டாம்." இதை அக்கறை என்று எடுத்துக் கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். முதல் நாளே பூட்டுப் போடுகிறவர், சாவியை என்றைக்குத் தரப் போகிறார்? அதே போல, வேண்டாம் என்ற பிறகும் கையைப் பிடிக்கிறவர், "எப்படியும் கட்டிக்கத்தானே போறோம்" என்று சமாதானம் சொல்கிறவர் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். எழுந்து வந்து விடுங்கள்.

பிறகு, நமக்கெல்லாம் பழக்கமான அந்தப் பசப்பு. "நாங்க எதுவும் கேட்கலை. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யப் போறீங்க. மூத்த மருமக வீட்டுல அறுபது சவரன் போட்டாங்க, சும்மா தகவலுக்குச் சொன்னேன்!" 1961-ம் வருடத்து வரதட்சிணைத் தடைச் சட்டப்படி, நேராகக் கேட்டாலும் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அது குற்றம்தான். கேட்பதற்கே 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

பதற்றம் வேறு, குணம் வேறு

அதற்காக வருகிற பிள்ளைகளை எல்லாம் கழித்துக் கட்டி விடவும் கூடாது. கை நடுங்கிக் காபியைச் சட்டையில் கொட்டிக் கொள்கிறார், பேச்சு வராமல் திணறுகிறார், அசட்டுத்தனமாக ஒரு ஜோக் சொல்லித் தானே சிரிக்கிறார். பாவம், அவருக்கும் இது புதுசுதானே! இதெல்லாம் இரண்டாவது சந்திப்பில் சரியாகி விடும். அலட்சியமும் அதட்டலும் அப்படிச் சரியாவதில்லை. பெண்ணே போனை நோண்டிக் கொண்டிருப்பதும், நம் வீட்டார் வயதையோ வைத்தியத்தையோ மறைப்பதும் கூட அழகல்ல. உண்மையை இரு தரப்பும் சொல்ல வேண்டும்.

போகும் முன்...

* பகல் வேளையில், ஜனநடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். எங்கே, எத்தனை மணி வரை என்று வீட்டில் சொல்லி விட்டுப் போங்கள். தனியாகக் காரில் ஏறுவது முதல் நாளில் வேண்டாம்.

* வேலை, இருப்பிடம், பண விவகாரம், பெற்றோரைக் கவனித்துக் கொள்வது, குழந்தை... இந்த ஐந்தையும் பற்றி வாய் விட்டுக் கேளுங்கள். பதிலை விட, கேட்டதும் அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

* உடல்நலம் பற்றிக் கேட்பது தப்பில்லை. பரம்பரை நோய், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இவற்றை இருவருமே சொல்லி விடுவது நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே ரத்த குரூப் என்று வரனைத் தட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அதனால் எந்தக் கெடுதலும் கிடையாது.

* பில்லில் உங்கள் பங்கைக் கொடுக்க முன்வாருங்கள். கடன்பட்ட உணர்ச்சி இருக்காது.

* ஒரே சந்திப்பில் முடிவு சொல்லாதீர்கள். "இன்னிக்கே பதில் வேணும்" என்று அவசரப்படுத்துவதும் ஒரு எச்சரிக்கைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெண் வீடு திரும்பியதும், "பிடிச்சிருக்கா?" என்று எல்லோருமாகச் சூழ்ந்து கொள்ளாதீர்கள். தாயார் மட்டும் தனியாக உட்கார்ந்து, "என்னம்மா பேசினார்?" என்று கேளுங்கள். அவள் தயங்கினால், "ஆம்பளைன்னா அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்று வாயை அடைக்காதீர்கள். "இதோட அஞ்சாவது வரன், ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்ற பேச்சும் வேண்டாம். ஊர் இரண்டு நாள் பேசும். வாழப் போகிறவள் அவள்.

வேண்டாம் என்று முடிவானால் இழுத்தடிக்காமல், "எங்களுக்கு ஒத்து வரலை, உங்க பிள்ளைக்கு நல்ல இடமா அமையட்டும்" என்று பெரியவர்களே மரியாதையாகப் போனில் சொல்லி விடலாம். காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை போன் செய்து தொல்லை கொடுத்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பிள்ளை வீட்டார் 'பிடிக்கவில்லை' என்று சொல்லி அனுப்பினால் ஏற்றுக் கொள்கிறோம். அதே வார்த்தையைச் சொல்லும் தைரியத்தை நம் பெண்ணுக்கும் கொடுப்போம். வேண்டாம் என்று சொல்ல முடிந்த பெண், சரி என்று சொல்லும்போதுதான் அது உண்மையான சம்மதம்.