முயலுக்கு முருங்கைப் பொடி போடலாமா?

செல்லப்பிராணிக் கடைகளில் இப்போ முயலுக்கென்றே மூலிகைப் பொடிகள் விற்கிறார்கள். ஆரிகானோ, தைம், வெந்தயம், ஏன், நம்ம முருங்கை இலைகூட உண்டு. செரிமானத்துக்கு நல்லது, குட்டி போடும் திறன் கூடும் என்றெல்லாம் டப்பாவில் எழுதியிருக்கிறது.

எங்க வீட்டில் ரெண்டு முயல். தீனி வைப்பது ஒன்பது வயசு மகளின் பொறுப்பு. "முருங்கையில இல்லாத சத்தா? அதையே போடு" என்கிறார் அம்மா. "நேச்சுரல்னுதானே போட்டிருக்கு, அப்பா?" என்று கேட்கிறாள் மகள். ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால்தான் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

இந்தப் பொடிகளின் கதை பண்ணையில் தொடங்குகிறது. கால்நடைகள் சீக்கிரம் வளர வேண்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதற்கு மாற்றாகத் தாவரப் பொருட்கள் மேல் கவனம் திரும்பியது. ஆரிகானோ, தைம் எண்ணெய்களில் இருக்கும் கார்வக்ரால், தைமால் இரண்டுக்கும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் தன்மை உண்டு.

எகிப்து, நைஜீரியா மாதிரி வெயில் நாடுகளில் இறைச்சிக்காக முயல் வளர்ப்பவர்களுக்கு வேறொரு கவலை. முயலுக்கு வியர்க்காது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயலின் விந்துத் தரம் குறையும். பெண் முயல் சினை பிடிப்பதும் குறையும். முருங்கை இலையில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்கள் இதைச் சமாளிக்க உதவுமா என்று அங்கே ஆராய்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது பண்ணையின் கேள்வி, நம்ம வீட்டுக் கேள்வி இல்லை.

நம்ம பிரச்சினை நேர் எதிர். இணை சேர்ந்தாலே பெண் முயலுக்குக் கருமுட்டை வெளியாகிவிடும். சுமார் 31 நாளில் குட்டிகள். ஈன்ற அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். இதுக்கு ஊக்கப்பொடி வேறயா? கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற கருப்பைப் புற்றுநோய் அபாயமும் அதிகம். பொடிக்குச் செலவாகும் பணத்தைக் கருத்தடைச் சிகிச்சைக்கு எடுத்து வையுங்கள்.

சரி, செரிமானத்துக்கு? முயலின் பெருங்குடல் முனையில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைக்கின்றன. அவற்றுக்குத் தேவை காய்ந்த புல். முயல் சாப்பிடுவதில் பெரும்பங்கு டிமோதி மாதிரி உலர்புல்லாகத்தான் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க வளரும் பற்களைத் தேய்க்கவும் அதே புல்தான் வேணும். புல் குறைந்தால் எந்த மூலிகையும் அதை ஈடுகட்டாது.

முருங்கையில் சத்து உண்டு என்பதில் அம்மா சொல்வது சரிதான். ஆனால் அதில் கால்சியமும் மிக அதிகம். முயலின் உடம்பு சாப்பிட்ட கால்சியத்தில் பெரும்பகுதியை உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். அது கூடினால் சிறுநீர்ப்பையில் மண் மாதிரி படியும், கல்லாகவும் மாறலாம். என்றைக்காவது ரெண்டு இணுக்கு பச்சை இலை கொடுக்கலாம். தினமும் ஸ்பூன் கணக்கில் பொடி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கொடுக்கவே கூடாது, நமக்கு எவ்வளவு மருந்தாக இருந்தாலும்.

தீனி வைப்பது உங்க பிள்ளை என்றால், கூடவே இன்னொரு வேலையும் சொல்லிக் கொடுங்கள்: புல் குறைந்திருக்கிறதா, புழுக்கை வழக்கம்போல விழுந்திருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்க்கணும். 12 மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் முயலின் குடல் நின்றுபோகத் தொடங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்போ டப்பாவைத் திறந்து பொடி தேடாதீங்க. முயலுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்க. அந்த நம்பரை இன்றைக்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.