களத்துக்கு வெளியே – 14: ஜூன் மாதத்துக் குறுஞ்செய்தி

2014 அக்டோபர் 18, சனிக்கிழமை இரவு. பிரிஸ்பேன் நகரின் சன்கார்ப் ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலிய ரக்பி அணியான வாலபீஸ், நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸைவிட 28–22 என்று முன்னிலையில் இருந்தது. எண்பது நிமிட ஆட்டம் முடிந்தேவிட்டது என்று நினைத்த நேரத்தில் நியூசிலாந்தின் மலகாய் ஃபெகிடோவா பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தார். காலின் ஸ்லேட் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 29–28. ஒரே புள்ளியில் ஆட்டம் கைவிட்டுப் போனது.

அந்தத் தோல்வியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வாலபீஸ் பயிற்சியாளர் யூவென் மெக்கென்ஸி ராஜினாமா செய்துவிட்டார் என்ற செய்தி அடுத்து வந்தது. ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் எடுத்த முடிவு அல்ல அது. அன்று காலையிலேயே ஆஸ்திரேலிய ரக்பி யூனியனின் தலைமை நிர்வாகி பில் புல்வரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் மைதானத்துக்கு வந்திருந்தார்.

மெக்கென்ஸி சாதாரண ஆள் இல்லை. 1991-ல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். முன்வரிசையில் தோள் கொடுத்து மோதும் ‘ப்ராப்’ ஆட்டக்காரர். பயிற்சியாளராகி, குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணிக்கு 2011-ல் சூப்பர் ரக்பி பட்டம் வாங்கிக் கொடுத்தவர். தேசிய அணிக்கு வந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த உலகக் கோப்பைக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லை. அப்படிப்பட்டவர் ஏன் போனார்? அவர் பொறுப்பில் ஆடிய 22 டெஸ்டுகளில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்கள்) 11 வெற்றி, 10 தோல்வி, ஒரு டிரா. இந்தக் கணக்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் நான்கு மாதம் முன்பு ஒரு செல்போனிலிருந்து புறப்பட்ட செய்தி.

அதை அனுப்பியவர் கர்ட்லி பீல். சிட்னியின் மேற்குப் புறத்தில், பிளாக்டவுன் பகுதியில் வளர்ந்த பழங்குடி வம்சாவளிப் பையன். ஆட்டத் திறமைக்காகவே பெரிய பள்ளி ஒன்று உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. இருபது வயதில் தேசிய அணி. 2010 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டெய்ன் நகரில், நேரம் முடிந்த பிறகு, மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய தூரத்திலிருந்து அவர் உதைத்த பெனால்டி கம்பங்களுக்கு நடுவே போய் விழ, ஆஸ்திரேலியா 41–39 என்று ஜெயித்தது. அந்த மேட்டுநிலப் பகுதியில் ஆஸ்திரேலியா ஜெயித்து அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிராளி எதிர்பாராத திசையில் நழுவி ஓடுகிற அந்தக் கால்களைப் பார்க்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

களத்துக்கு வெளியே கதை வேறு. 2013 மார்ச்சில் அவர் மெல்பர்ன் ரெபெல்ஸ் அணியில் இருந்தார். டர்பனில் ஷார்க்ஸ் அணியிடம் 64–7 என்று படுதோல்வி. அன்றிரவு சக வீரர்களோடு தகராறு முற்றி, அணித் தலைவர் கேரத் டெல்வையே குத்திவிட்டார். பாதிப் பயணத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டார். பிறகு குடிப் பிரச்சினைக்காகச் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். வெளியே வந்ததும், அதே ஆண்டு ஜூன் 22 அன்று பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான முதல் டெஸ்டில், கடைசி உதையில் வெற்றியைத் தட்டிப் பறிக்க வேண்டிய நேரத்தில் ஊன்றிய கால் வழுக்கி விழுந்தார். ஆஸ்திரேலியா 21–23 என்று தோற்றது. இரண்டாவது டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலை நான்கு மணி வாக்கில், அவரும் ஜேம்ஸ் ஓ’கானரும் மெல்பர்னில் ஒரு பர்கர் கடையில் நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது.

ஒவ்வொரு முறையும் மன்னிப்பு கிடைத்தது. உதவி கிடைத்தது என்றும் சொல்லலாம். குடியோடு போராடும் இருபத்து நான்கு வயது இளைஞனுக்கு உதவி கிடைக்கத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஏதும் இல்லை. ஆனால் அந்த உதவிக் கணக்கில் அவரைச் சுற்றி வேலை பார்த்த மற்றவர்கள் எங்கே வந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

வாலபீஸ் அணிக்கு ஒரு பெண் மேலாளர் இருந்தார். களத்துக்கு வெளியே அணியின் அன்றாட நிர்வாகம் அவர் கையில். மெக்கென்ஸியோடு குயின்ஸ்லாந்தில் வேலை செய்தவர், அவரோடு தேசிய அணிக்கு வந்தவர். அவருடைய பெயர் அன்றைய செய்திகளில் எல்லாம் வந்தது. இங்கே அதைத் திரும்ப எழுத வேண்டிய அவசியம் இல்லை. கைதட்டலுக்காக மைதானத்தில் இறங்கியவர் அல்ல அவர். மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்.

2014 ஜூன் மாதம் அவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. பருத்த உடல் கொண்ட பெண்ணின் ஆபாசப் படம். கூடவே அந்தப் பெண்ணை இவரோடு ஒப்பிட்டு ஒரு கேலி. அனுப்பியவர் பீல். சக வீரர்களுக்கு அனுப்ப நினைத்தது கைதவறி இவருக்கே போய்விட்டது என்பது பீல் தரப்பு விளக்கம். அது உண்மைதான் என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை எந்த விதத்திலும் மேம்படவில்லை. தான் டிக்கெட்டும் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கிற ஆட்கள், தன் முதுகுக்குப் பின்னால் தன் உடம்பைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துபோனது.

பீல் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் முறையான புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஒழுங்கு மீறல்களை விசாரிக்க யூனியனில் தனிப் பிரிவே இருந்தது. ஜூனில் அதன் மேசைக்கு இந்த விஷயம் போகவில்லை. இருவருக்கும் இடையில் முடிந்துபோன சமாசாரமாக அது போனுக்குள்ளேயே கிடந்தது.

ஏன் போகவில்லை என்று கேட்பது சுலபம். பீல் அந்த நாளில் எப்படிப்பட்ட வீரர் என்பதையும் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் வராட்டாஸ் அணி அந்த ஆண்டுதான் முதல் முறையாக சூப்பர் ரக்பி பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 2 அன்று சிட்னியில் கிட்டத்தட்ட 62,000 பேர் பார்க்க, குருசேடர்ஸ் அணியை 33–32 என்று வென்று பட்டமும் வாங்கியது. அந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர்களில் ஒருவர் பீல். நாடே பீலைத் தெரிந்து வைத்திருந்தது, மேலாளரை யாருக்கும் தெரியாது. புகார் கொடுத்தால், அணியின் அமைதியைக் கெடுத்தவர் என்ற பேர் யார் தலையில் விழும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

செப்டம்பர் 27 அன்று வாலபீஸ் கேப் டவுனில் தென்னாப்பிரிக்காவிடம் 28–10 என்று தோற்றது. அடுத்த ஆட்டம் அர்ஜெண்டினாவில். வழியில், ஜோஹன்னஸ்பர்கிலிருந்து பிரேசிலின் சாவ் பாலோவுக்குப் போகும் விமானத்தில் மேலாளருக்கும் பீலுக்கும் வாக்குவாதம் வெடித்தது. அணிக்கு என்று சொன்ன உடையை பீல் போடவில்லை என்பதில் பேச்சு ஆரம்பித்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு டி-ஷர்ட்டுக்காக இத்தனை ரகளையா என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். வேலை செய்யும் இடத்தில் சண்டை எப்போதும் இப்படித்தான் வெடிக்கும். ஜூனில் விழுங்கியது செப்டம்பரில் ஒரு டி-ஷர்ட் சாக்கில் வெளியே வந்தது. மற்ற வீரர்கள், பயணிகள் எல்லார் முன்னிலையிலும்.

மேலாளர் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா திரும்பினார். விரைவில் வேலையையும் விட்டார். ஜூன் மாதச் செய்தியும் வெளியே வந்தது. பீல் அணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்.

இந்த இடத்தில் கதை திசைமாறியதைக் கவனிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வீரர். கேள்விகளோ மேலாளரை நோக்கிப் பாய்ந்தன. அவருக்கு இந்த வேலைக்குத் தகுதி உண்டா? அவரை நியமித்தது எப்படி? அவருக்கும் பயிற்சியாளருக்கும் என்ன உறவு? நிருபர்கள் மெக்கென்ஸியிடம் நேருக்கு நேர் கேட்டார்கள். வேலை தொடர்பான உறவைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவர் மறுத்தார். மறுத்த பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. வீரர்களில் ஒரு பகுதியினர் பயிற்சியாளர் மீது நம்பிக்கை இழந்துவிட்டதாகப் பேச்சு. ஏற்கெனவே 2013 நவம்பரில், டப்ளினில் அயர்லாந்து டெஸ்டுக்கு முன்பு, இரவு வெகுநேரம் குடித்துச் சுற்றியதற்காக 15 வீரர்கள் மீது நடவடிக்கை எடுத்து, அவர்களில் ஆறு பேரை ஒரு டெஸ்டுக்கு வெளியே உட்கார வைத்தவர் அவர். அந்தக் கண்டிப்பை எல்லாரும் ரசித்திருக்க வாய்ப்பில்லை.

பிரிஸ்பேன் தோல்வி நடந்து ஆறு நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று, மூவர் கொண்ட தீர்ப்பாயம் பீல் வழக்கில் முடிவு சொன்னது. ஒரு செய்தி அனுப்பியது நிரூபணம் ஆனது. இரண்டாவதாக ஒன்றையும் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போகவில்லை. தண்டனை 45,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம்.

இந்தத் தொகையை இன்னொரு தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு ஆண்டு முன்பு, 2012-ல், பீலின் நெருங்கிய நண்பர் குவேட் கூப்பர் வாலபீஸ் முகாமின் சூழல் நஞ்சாகிவிட்டது என்று ட்விட்டரில் எழுதினார், டிவியிலும் பேசினார். யூனியன் அவருக்குப் போட்ட அபராதம் 60,000 டாலர். அதில் 20,000 நிறுத்திவைக்கப்பட்டது, ஆக உடனே கட்ட வேண்டியது 40,000. சொந்த அணியின் நிர்வாகத்தை வெளியே குறை சொல்வதும், உடன் வேலை செய்யும் பெண்ணின் உடம்பை ஆபாசப் படத்தோடு ஒப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே விலைக்குப் போயின. நிறுவனம் தன் பெயருக்கு வந்த கீறலையும் தன் ஊழியருக்கு வந்த காயத்தையும் எந்தத் தராசில் எடை போட்டது என்பது இதில் தெரிகிறது.

இது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2011-ல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு வந்த இங்கிலாந்து அணி நினைவிருக்கலாம். மனு டுயிலாகி ஆக்லாந்து துறைமுகத்தில் படகிலிருந்து தண்ணீருக்குள் குதித்ததும், அதற்கு 3,000 பவுண்ட் அபராதம் கட்டியதும் உலகம் முழுக்கச் சிரித்த செய்தி. அதே பயணத்தில் டனீடின் நகர ஹோட்டலில் வேலை பார்த்த பெண் ஒருவர், வீரர்கள் சிலர் தன்னிடம் தகாத முறையில் பேசினார்கள் என்று புகார் சொன்னார். அதை யாரும் அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை. மன்னிப்போடு விஷயம் முடிந்தது. அந்த நவம்பரிலேயே பயிற்சியாளர் மார்ட்டின் ஜான்சன் விலகினார்.

2016 ஆகஸ்டில் நியூசிலாந்தின் சீஃப்ஸ் அணி சீசன் முடிந்த கொண்டாட்டத்துக்கு ஒரு நடனப் பெண்ணை அமர்த்தியது. வீரர்கள் தன்னைத் தொட்டதாகவும் வசை பாடியதாகவும் அவர் சொன்னார். நியூசிலாந்து ரக்பி வாரியம் தானே விசாரித்து, குற்றச்சாட்டுகள் நிரூபணம் ஆகவில்லை என்றது. அணிக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தது. தன் வீட்டுப் பிள்ளைகளைத் தானே விசாரிப்பதா என்று நாடே கொதித்த பிறகுதான், கேத்ரின் பெக் தலைமையில் வெளியாட்கள் கொண்ட குழு அமைந்தது. மரியாதையும் பொறுப்பும் குறித்த அந்தக் குழுவின் அறிக்கை 2017-ல் வந்தது.

மூன்று இடத்திலும் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர் ஆட்டக்காரர் அல்ல. மேலாளர், ஹோட்டல் ஊழியர், கூலிக்கு வந்த நடனக்காரர். தொழில்முறை வீரருக்குச் சங்கம் இருக்கிறது, ஏஜெண்ட் இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது. பீலுக்கு ஆதரவாக வீரர்கள் சங்கம் உறுதியாக நின்றது. அது சங்கத்தின் கடமை, தப்பில்லை. மேலாளருக்கு ஆதரவாக அப்படி நிற்க அணிக்குள் யார் இருந்தார்கள்? அவர் நம்பி வந்த பயிற்சியாளரே அவர் பெயரால் பதவியை இழந்து கொண்டிருந்தார்.

மெக்கென்ஸி போன நான்காம் நாள் மைக்கேல் செய்கா பயிற்சியாளர் ஆனார். வராட்டாஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர், பீலை நன்றாகத் தெரிந்தவர். நவம்பர் மாத ஐரோப்பியப் பயணத்திலேயே பீல் மீண்டும் அணியில் சேர்ந்தார். 2015 அக்டோபர் 31 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். ஆஸ்திரேலியா நியூசிலாந்திடம் 34–17 என்று தோற்றது. அவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது தவறு என்று இந்தத் தொடர் சொல்லவில்லை. அபராதம் கட்டி முடித்தவர் தொழிலுக்குத் திரும்பினார், அவ்வளவுதான். திரும்ப முடியாமல் போனது மேலாளர்தான்.

ஆஸ்திரேலியாவில் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடை செய்யும் பால் பாகுபாட்டுச் சட்டம் 1984-லேயே வந்துவிட்டது. ஜூன் மாதச் செய்தி போனில் வந்த நாளிலும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் புகாரோடு வந்தால் விசாரிக்கலாம் என்ற இடத்தில்தான் அது நின்றது. 2022 டிசம்பரில் அதில் திருத்தம் வந்தது. யாரும் புகார் கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல், இப்படிப்பட்டவை நடக்காதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்வது வேலை கொடுப்பவரின் கடமை என்று இப்போது சட்டமே சொல்கிறது. ரக்பி அணிகளும் அதில் அடக்கம்.

அடுத்த வாரம்: 2019-ல் ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் பதிவுக்காக வேலை இழந்த வாலபீஸ் நட்சத்திரம் இஸ்ரேல் ஃபொலாவ், அவர் தொடுத்த வழக்கு, அது முடிந்த விதம்.

(தொடரும்)