பலகை மேல் ஒரு பந்தயம்

வாடைக் காற்றில் பாய்மரப் படகைக் கவிழாமல் காப்பது ஆட்களின் எடைதான். பாக் விரிகுடா மீனவர்களின் இந்தப் பழைய வித்தை இன்று போட்டிகளை நம்பி இருக்கிறது.

காற்று பலமாக அடிக்கும்போது படகை விட்டு வெளியே போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, நம்புதாளை கடற்கரைகளில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் முக்கியமான வேலையே அதுதான். படகின் குறுக்கே கட்டிய பலகை கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று வரும் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் அதில் ஏறி நிற்பார்கள். பாய் புடைக்கும், படகு சீறும். கரையில் ஊரே கூடி நின்று கூச்சலிடும்.

கோயில் திருவிழாவோ பொங்கலோ போட்டிக்குக் காரணமாக அமையலாம். ஆனால் மார்கழி, தை மாதங்களின் வாடைக் காற்றில் பாய் விரிப்பது தனி சவால். மேகம் திரண்டால் காற்று திடீரென்று வலுக்கும். அடுத்த நிமிடமே தொய்ந்துபோகும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் அலைகள் நெருக்கமாக எழுந்து படகை உதறும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அதற்கு ஈடுகொடுப்பது பலகையில் நிற்பவர்களின் எடைதான். தாமதமாக ஏறினால் படகு கவிழும். காற்று தளர்ந்தபின் ஒரு நொடி கூடுதலாக நின்றாலோ, பலகையோடு தண்ணீரில் முழுக வேண்டியதுதான். அதனால் அவர்கள் கண் கடலின் மேலேயே இருக்கும். தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்தால் அடுத்த வீச்சு வருகிறது என்று அர்த்தம்.

எதிர்காற்றில் படகு நேராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் பக்கம் மாறும்போது ஆட்களும் மாற வேண்டும். சுக்கான் பிடிப்பவர், பாய்க்கயிற்றை இழுப்பவர், பலகையில் நிற்பவர் மூவரும் ஒரே கணத்தில் இயங்காவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்தது.

இது நேற்று முளைத்த விளையாட்டல்ல. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகள் பற்றி 1920ல் வெளியிட்ட ஆய்விலேயே பாக் விரிகுடாப் படகுகளின் சமநிலைப் பலகையை விவரித்திருக்கிறார்.

அதே தத்துவத்தை ஒலிம்பிக்கிலும் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதி, வருண் தக்கர் ஜோடி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. அவர்கள் ஓட்டிய ‘49இஆர்’ படகில் பலகைக்குப் பதில் கம்பி. இருவரும் அதில் தொங்கியபடி உடலைக் கடலுக்கு மேல் சாய்த்துப் படகை நிமிர்த்துகிறார்கள்.

தொண்டிக்காரர்களுக்குப் பயிற்சியாளரும் கிடையாது, பாடப்புத்தகமும் கிடையாது. அப்பாவோடு கடலுக்குப் போய்க் கற்றதுதான் எல்லாம். இயந்திரங்கள் வந்த பிறகு அந்தப் பள்ளிக்கூடம் சுருங்கிவிட்டது. மோட்டாரை முடுக்கத் தெரிந்தால் போதும். காற்றைப் படிக்கத் தேவையில்லை.

போட்டிப் பரிசுப் பணம் சில நாட்களில் செலவாகிவிடும். ஆனால் பலகையில் முதல்முறையாக ஏறும் இளைஞன், எப்போது வெளியே போவது, எப்போது உள்ளே வருவது என்பதை அன்று கற்றுக்கொள்கிறான். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோகும் ஒரு நாளில் அவனைக் கரை சேர்க்கப்போவது அந்தப் பாடம்தான்.